கடைக் கண்ணாடியில் ஓடும் எல்இடி போர்டு: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்தக் கடைத்தெருக்களில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வகை ஒளிப்பலகைதான் அதிகம். ஒன்று, பி10 மாட்யூல்களைச் (பத்து மி.மீ.க்கு ஒரு எல்இடி புள்ளி வைத்த சிறு பலகைகள்) சேர்த்துக் கட்டிய ஓடும் எழுத்து போர்டு. நகைக்கடையின் பவன் (சவரன்) விலை, பேக்கரியின் ஆஃபர், கேரளப் பக்கம் லாட்டரிக் கடையில் மூன்று மணிக் குலுக்கலுக்குப் பிறகு மாற்றும் வரிகள் எல்லாம் இதில்தான் ஓடும். இன்னொன்று, படம் அச்சடித்த ஃபிலிமை உருவி மாற்றும் லைட் பாக்ஸ்.

“போர்டு போச்சு, புதுசுதான் வாங்கணும்” என்று சொல்லப்படும் போர்டைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் மாட்யூல் நன்றாகவே இருக்கும். 5 வோல்ட் முழுதாக அங்கே போய்ச் சேர்ந்திருக்காது, அவ்வளவுதான். ஆகவே எந்தக் கோளாறு என்றாலும் மாட்யூலைக் குறை சொல்லும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நல்லது என்று தெரிந்த 16 பின் ரிப்பன் கேபிள் ஒன்று, உபரி மாட்யூல் ஒன்று, பழைய டூத் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கழற்றும் வேலை எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பல கடைகளில் சுவிட்ச் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கும், அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். 230 வோல்ட்டை 5 வோல்ட் டிசியாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

போர்டே எரியவில்லை

முதலில் பிளக், எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), டைமர். கடை பூட்டியதும் அணையட்டும் என்று டைமர் சாக்கெட் மாட்டிய கடைகளில், கரண்ட் போய்வந்த நேரமெல்லாம் டைமர் பின்தங்கிவிடும். மாலை ஆறுக்கு எரிய வேண்டிய போர்டு எட்டுக்கு எரிந்தால் வேறெங்கும் தேடாதீர்கள்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். உள்ளே கரண்ட் வரும் முனைகளில் 230 வோல்ட்டுக்கு அருகில் வருகிறதா? வருகிறது என்றால், வெளியே போகும் முனைகளில் டிசி 5 வோல்ட் இருக்கிறதா? இங்கே மூன்று வழி பிரியும்.

5 வோல்ட் இல்லை, பச்சை விளக்கும் இல்லை: பிளக்கை எடுத்து, 5 வோல்ட் பக்கத்து வயர்களை எல்லாம் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. உள்ளே ஃப்யூஸ் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஃப்யூஸ் போயிருந்தால் அதற்குக் காரணமான பாகமும் பெரும்பாலும் சேர்ந்தே போயிருக்கும்.

வயரைக் கழற்றினால் 5 வோல்ட் வருகிறது, மாட்டினால் போய்விடுகிறது: ஏதோ ஒரு மாட்யூலோ வயரோ ஷார்ட். மாட்யூல்களை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் விழுகிறதோ அதுதான். எஸ்எம்பிஎஸ் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டு விளக்கு மினுங்கினாலும் இதே சோதனைதான். மாட்யூலை ஒதுக்கும் முன் அதன் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். முனைகளுக்குக் குறுக்கே பல்லி கருகிக் கிடப்பதும், எறும்பு கூடு கட்டியிருப்பதும் நம் ஊரில் சாதாரணம். துடைத்து ஆல்கஹாலால் கழுவினால் மாட்யூல் பிழைத்துக்கொள்ளும்.

5 வோல்ட் சரியாக இருக்கிறது, போர்டு மட்டும் இருட்டு: மாட்யூல்களுக்கு எழுத்தை அனுப்பும் கன்ட்ரோல் கார்டைப் பாருங்கள். அதன் சிறு விளக்கு எரிகிறதா? பெரும்பாலான கார்டுகளில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் கோடுகள் ஓடும். ஓடினால் கார்டும் மாட்யூலும் நலம், அமைப்பில்தான் கோளாறு. தானாக எரிந்து அணைய நேரம் குறித்திருந்தால், கார்டின் கடிகாரம் தவறியதும் நடுப்பகலை நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு போர்டை அணைத்துவிடும். கார்டில் உள்ள நாணய பேட்டரியை மாற்றுங்கள் (எண் அதன் முதுகிலேயே இருக்கும்), கார்டோடு வரும் செயலியில் போய் நேரத்தைத் திருத்துங்கள்.

எழுத்து நடுங்குகிறது, மங்குகிறது, எல்லாப் புள்ளியும் எரியும்போது அணைந்துவிடுகிறது

இது முழுக்க வோல்டேஜ் கோளாறு. போர்டு பொருத்தும்போது காட்டிய சிக்கனத்தால் வருவது.

ஒரு சிவப்பு பி10 மாட்யூலில் எல்லாப் புள்ளியும் எரிந்தால் 2 முதல் 4 ஆம்பியர் வரை இழுக்கும். 5 வோல்ட் 40 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்றுக்கு எட்டு, மிஞ்சினால் பத்து மாட்யூல்தான் கணக்கு. எழுத்து மட்டும் ஓடும்போது பதினான்கும் ஓடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஓணம் ஆஃபருக்கோ தீபாவளிக்கோ திரை முழுக்க எரியும் படம் போட்ட அன்றுதான் விழும்.

சோதனை இப்படி. செயலியில் எல்லாப் புள்ளியும் எரிகிற ஒரு படத்தைப் போடுங்கள். அது எரியும்போதே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: எஸ்எம்பிஎஸ் முனையில் ஒன்று, அதிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் மாட்யூலின் முனையில் ஒன்று. போர்டு அணைந்திருக்கும்போதோ நாலு எழுத்து மட்டும் ஓடும்போதோ அளந்தால் எல்லாம் 5 என்றே காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

எஸ்எம்பிஎஸ்ஸில் 5.0, கடைசி மாட்யூலில் 4.7க்கு மேல் என்றால் சரி. எஸ்எம்பிஎஸ்ஸில் 5.0 இருந்தும் கடைசியில் 4.4 என்றால் வயர் மெலிது, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலேயே 4.6 என்றால் சுமை அதிகம், அல்லது எஸ்எம்பிஎஸ் கிழடாகிவிட்டது.

முதலில் இணைப்பு. திருகு முனைகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இன்சுலேஷன் பழுப்பாகியிருந்தால், லக் (வயர் நுனியில் அமுக்கும் உலோக முனை) கருத்திருந்தால், அங்கேதான் வோல்டேஜ் கரைகிறது. கருத்த நுனியை வெட்டிவிட்டுப் புது லக் போட்டு அமுக்குங்கள். வெறும் கம்பியை முறுக்கித் திருகுக்கு அடியில் வைப்பது ஆறு மாதம்கூடத் தாங்காது. கடற்காற்று வரும் கொல்லங்கோடு, இரயுமன்துறை பக்கம் இன்னும் சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

அடுத்து வயர். ஒரே மெல்லிய வயரை முதல் மாட்யூலிலிருந்து கடைசி வரை சங்கிலியாக இழுத்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில், இரண்டு மாட்யூலுக்கு ஒரு ஜோடி என்று எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே தனித்தனியாக இழுங்கள். பிளஸ் எவ்வளவு தடிமனோ மைனஸும் அவ்வளவு தடிமன். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். இதைச் செய்யாமல் எஸ்எம்பிஎஸ்ஸின் சிறு திருகைத் திருப்பி 5.5 வோல்ட் வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. கடைசி மாட்யூல் தெளிவாகும், எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டிய முதல் மாட்யூலின் ஐசி சூடேறிச் சாகும். 5.1க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இரண்டு எஸ்எம்பிஎஸ் போட்ட போர்டில் பாதி மட்டும் கிறுக்கினால், இரண்டின் மைனஸ் முனைகளும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மைனஸ் இணைந்தே இருக்க வேண்டும், பிளஸ் இணையவே கூடாது. புதிதாக நீட்டிய போர்டுகளில் இதை விட்டுவிடுவது சகஜம்.

இவ்வளவும் சரி, நடுக்கம் மாலை ஏழு முதல் பத்து வரை மட்டும் என்றால் வீதியில் வோல்டேஜ் குறைகிறது. சுவர் சாக்கெட்டில் அந்த நேரத்தில் அளந்து, 180க்குக் கீழே போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கடைக்குள் வரும் நியூட்ரல் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும், அது ஆபத்து.

ஒரு மாட்யூலுக்கு அப்பால் எல்லாம் இருட்டு, அல்லது எல்லாம் கிறுக்கல்

தகவல் கார்டிலிருந்து முதல் மாட்யூல், அதிலிருந்து அடுத்தது என்று ரிப்பன் கேபிளில் கைமாறிப் போகும். மூன்றாவது வரை சரி, நான்காவதிலிருந்து கோளாறு என்றால் சந்தேகம் மூன்று பேர் மேல்: இரண்டுக்கும் நடுவே உள்ள கேபிள், மூன்றின் வெளிவாசல், நான்கின் உள்வாசல்.

கேபிளை இரு முனையிலும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். பாதிக்கு இதுவே போதும். கேபிளின் சிவப்புக் கோடு எல்லா மாட்யூலிலும் ஒரே பக்கம் இருக்கட்டும். மாட்யூலின் முதுகில் அம்புக்குறி இருக்கும். எல்லா அம்பும் ஒரே திசை பார்க்க வேண்டும். பின்கள் வளைந்திருந்தால் மூக்கு பிளையரால் நிமிர்த்தி, பச்சை பிடித்திருந்தால் ஆல்கஹாலில் பிரஷ் நனைத்துத் தேயுங்கள்.

பிறகு உபரி கேபிள். அதுவும் உதவாவிட்டால் நான்காவது மாட்யூலைத் தாண்டி, மூன்றிலிருந்து நேராக ஐந்துக்கு நீளக் கேபிள் போடுங்கள். ஐந்து எரிந்தால் நான்காவது மாட்யூல் கெட்டது. எரியாவிட்டால் மூன்றின் வெளிவாசல் கெட்டது. மூன்றைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்துவிடுங்கள். கடைசி மாட்யூலுக்கு வெளிவாசல் தேவையே இல்லை, ஆகவே காசு செலவில்லாமல் போர்டு முழுக்க எரியும்.

இரண்டு அடுக்கு போர்டில் கீழ் அடுக்கு முழுக்க போயிருந்தால், கார்டில் மேல் கேபிளையும் கீழ் கேபிளையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு மேலே தாவினால் கார்டின் அந்த வாசல் கெட்டது, கார்டை மாற்ற வேண்டும். கீழேயே நின்றால் கேபிள் அல்லது கீழ் அடுக்கின் முதல் மாட்யூல்.

ஒரே மாட்யூலுக்குள் கோடு, கட்டம், புள்ளி

நான்கு வரிக்கு ஒரு வரி எரியவில்லை: வரியை ஓட்டும் 4953 ஐசி. அகலம் எட்டு, உயரம் நான்கு புள்ளி கொண்ட சிறு கட்டம் மட்டும் இருட்டு: 595 ஐசி. ஒற்றைப் புள்ளி: அந்த எல்இடி. மூன்றுமே சால்டரிங் வேலை. ஹாட் ஏர் ஸ்டேஷன் வைத்திருக்கும் மொபைல் சர்வீஸ் கடையில் செய்வார்கள், ஆனால் மழை தாங்க பசை ஊற்றிய மாட்யூலைத் தொட மாட்டார்கள். ஒரு மாட்யூல்தான் என்றால் மாற்றிவிடுவதே லாபம்.

மாற்றும்போது பழைய மாட்யூலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பி10 என்றாலே ஒன்று என்று எண்ணாதீர்கள். ஸ்கேன் (வரிகளை முறை வைத்து எரிக்கும் விதம்) வேறாக இருந்தால் எழுத்து துண்டு துண்டாக வரும், தயாரிப்பு வேறானால் பளிச்சென்று தனித்துத் தெரியும். பளிச்சிடும் புது மாட்யூலை நடுவில் போடாமல் ஓரத்தில் போட்டு, ஓரத்துப் பழையதை நடுவுக்குக் கொண்டுவந்தால் கண்ணை உறுத்தாது.

போர்டு முழுக்க எரிந்து எழுத்து மட்டும் இருட்டாகத் தெரிந்தால் ஒன்றும் கெடவில்லை. செயலியில் போலாரிட்டி தலைகீழாக இருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

தமிழும் மலையாளமும் உடைந்து வருகின்றன

எல்லைக் கடைக்கு இரண்டு மொழியும் வேண்டும். கார்டோடு வரும் செயலிகள் பல ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் எழுதப்பட்டவை. தமிழில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகி அடுத்த எழுத்தின் தலையில் உட்காரும். மலையாளத்தில் சில்லெழுத்து வெறும் கட்டமாக வரும், கூட்டெழுத்து சந்திரக்கலையோடு (நம் புள்ளி போன்ற குறி) பிரிந்து நிற்கும். எழுத்துரு மாற்றினாலும் பல செயலிகளில் தீராது.

தீர்வு, எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புவது. போர்டின் புள்ளிக் கணக்கை முதலில் எடுங்கள். ஒரு பி10 மாட்யூல் 32க்கு 16 புள்ளி, அளவு 32 செ.மீ.க்கு 16 செ.மீ. ஆறு மாட்யூல் நீளம், இரண்டு அடுக்கு என்றால் 192க்கு 32. போனிலோ கம்ப்யூட்டரிலோ சரியாக அந்த அளவில் கறுப்புப் பின்னணி வைத்து, தடித்த எழுத்துருவில் சிவப்பாகத் தட்டச்சிட்டுப் படமாகச் சேமியுங்கள். பெரிதாகச் செய்து சுருக்கக் கூடாது. சுருக்கினால் எழுத்தின் ஓரத்தில் இளஞ்சாயம் படியும், ஒற்றை நிறப் போர்டு அதைச் சில இடத்தில் எரித்துச் சில இடத்தில் அணைத்து, எழுத்தைச் சொரசொரப்பாக்கும். படத்தை இரண்டே நிறமாக மாற்றிச் சேமித்தால் ஓரம் சுத்தமாக வரும். எழுத்தின் கோடு இரண்டு புள்ளித் தடிமனாவது இருக்கட்டும்.

ஒற்றை அடுக்கில், 16 புள்ளி உயரத்தில் ‘பூ’வும் ‘ணீ’யும் ஒரே வரியில் வரும்போது மேலும் கீழும் இடிக்கும். மலையாளக் கூட்டெழுத்துக்கு இன்னும் சிரமம். தமிழும் மலையாளமும் ஓட வேண்டிய போர்டுக்கு இரண்டு அடுக்குக்குக் குறைந்து ஆர்டர் கொடுக்காதீர்கள். ஒற்றை அடுக்கு ஏற்கெனவே இருந்தால், அதை பவன் விலைக்கும் போன் நம்பருக்கும் விட்டுவிடுங்கள். எண்கள் அதில் அழகாகவே தெரியும்.

தினம் மாறுவது எண் மட்டும் என்றால் முழுப் படத்தையும் தினம் செய்ய வேண்டியதில்லை. ‘இன்றைய விலை’ என்ற சொற்களைப் படமாக ஒரு பகுதியிலும், எண்ணைச் செயலியின் சொந்த எழுத்தாக இன்னொரு பகுதியிலும் வையுங்கள்.

போன் இணையவில்லை, அனுப்பினாலும் எழுத்து மாறவில்லை

கார்டின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் தானாக விலகி மொபைல் டேட்டாவுக்குப் போய்விடும். டேட்டாவை அணைத்துவிட்டு அனுப்புங்கள். பெரும்பாலும் இதுவே. அடுத்து கார்டின் சிறு ஆன்டெனா தளர்ந்திருக்கிறதா, தகரப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்கு வெளியே நீட்டிவிடுங்கள். அனுப்பியது போய்ச் சேர்ந்தும் படம் வெட்டுப்பட்டு வந்தால், செயலியில் குறித்த நீள உயரம் போர்டின் புள்ளிக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

வைஃபை பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். பெட்டியில் வந்த பாஸ்வேர்டு ஒரே தயாரிப்பின் எல்லாக் கார்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். தெருவில் நிற்கும் யாரும் உங்கள் போர்டில் எதையும் எழுதிவிட்டுப் போகலாம்.

மழைக்காலத்தில் மட்டும் தொல்லை

இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழை) ஈரம், துலாமழைக்கு (வடகிழக்குப் பருவமழை) இடி. கோளாறும் அப்படியே இரண்டாகப் பிரியும்.

காலையில் போட்டதும் கிறுக்கி, அரை மணியில் சரியானால் ஈரம். ஏசி போட்ட ஷோரூமில் இது அதிகம். குளிர்ந்த கண்ணாடியிலும் சட்டத்திலும் நீர்த்துளி கோக்கும். கேபிள் முனைகளைக் கழற்றி ஆல்கஹாலால் கழுவி, ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் உலர்த்துங்கள். போர்டுக்குப் பின்னால் இரண்டு அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். அடிக்கடி வந்தால், போர்டை இரவில் முழுக்க அணைக்காமல் குறைந்த வெளிச்சத்தில் விட்டால் உள்சூடு ஈரத்தை விரட்டும்.

துலா மாதத்து மாலை இடிக்குப் பிறகு எரியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ், பிறகு கார்டு என்ற வரிசையில் பாருங்கள். இடி முழங்கும்போது சுவிட்ச் அணைத்தால் போதாது, பிளக்கையே எடுக்க வேண்டும்.

சட்டத்தைத் தொட்டால் சுரீர் என்கிறதா, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறதா? இனி நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம். எர்த் இல்லாத சாக்கெட்டில் போட்ட எஸ்எம்பிஎஸ்ஸின் உடலில் கொஞ்சம் கரண்ட் ஏறி நிற்கும், அதுவே சுரீர் என்பது. ஆனால் இன்சுலேஷன் அறுந்து முழுக் கரண்ட் ஏறியிருந்தாலும் தொடக்கம் இப்படித்தான் இருக்கும், தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிளக்கை எடுத்துவிட்டு, எர்த்தைச் சோதித்துத் தரும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியை ஒதுக்கி நேராகக் கரண்ட் எடுத்துக் கொடுக்கிறேன் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

லைட் பாக்ஸில் இருள் திட்டு, மங்கல்

இங்கே மாட்யூல் என்பது வயரில் கோத்த சிறு விளக்கு. ஒரு எல்இடி மாட்யூல் மட்டும் அணைந்தால் அதை வெட்டி எடுத்துப் புதிது சேர்த்தால் போதும். ஒன்றிலிருந்து கடைசி வரை அணைந்தால் நடுவயர் அறுந்திருக்கிறது. ஸ்ட்ரிப் என்றால் மூன்று மூன்றாகத்தான் அணையும். வெட்டுக் குறிகளுக்கு நடுவே உள்ள அந்தத் துண்டை மாற்றுங்கள்.

கடைசிப் பக்கம் போகப் போக மங்கினால் எரியும்போதே கடைசி முனையில் அளங்கள். 12 வோல்ட்டில் 11க்குக் கீழே இருந்தால் வரிசையின் மறுமுனைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு ஜோடி வயர் இழுங்கள். ஒரே வரிசையில் இருபது மாட்யூலுக்கு மேல் கோக்க வேண்டாம்.

விளக்குகள் புள்ளி புள்ளியாக ஃபிலிமில் தெரிந்தால் பெட்டியின் ஆழம் போதவில்லை. விளக்குக்கு விளக்கு எவ்வளவு இடைவெளியோ, விளக்கிலிருந்து ஃபிலிம் வரை ஏறக்குறைய அவ்வளவு ஆழம் வேண்டும். ஆழத்தைக் கூட்ட முடியாவிட்டால் விளக்குகளை நெருக்கிப் போடுங்கள், அல்லது ஃபிலிமுக்குப் பின்னால் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்று வையுங்கள். ஃபிலிம் அலையலையாகச் சுருங்கினால் மேற்கு வெயில்தான் காரணம். அதை நான்கு பக்கமும் இறுக்கி மாட்டாமல், மேல் விளிம்பில் மட்டும் பிடித்துக் கீழே இரண்டு மி.மீ. தொங்க இடம் விடுங்கள்.

ஆளைக் கூப்பிடும்போது

கருகிய வாசனை, இளகிய பிளாஸ்டிக், உயரத்தில் ஏணி வைத்து வெளியே தொங்கும் போர்டு, அளந்து பார்த்தும் காரணம் பிடிபடாத கோளாறு, இவை நான்கும் ஆள் வைக்க வேண்டியவை. போனில் “போர்டு எரியல” என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, பொருள் வாங்கத் திரும்பிப் போவார், இரண்டு தடவைக் கூலி ஆகும். மாட்யூல் நீளம் எத்தனை, அடுக்கு எத்தனை, நிறம், கார்டின் மேல் அச்சிட்ட பெயரும் எண்ணும், எஸ்எம்பிஎஸ் எத்தனை, எத்தனை ஆம்பியர், எல்லாம் எரியும்போது இரு முனையிலும் அளந்த வோல்டேஜ், இவற்றைச் சொல்லுங்கள். போர்டின் முதுகைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கேபிள் போகும் வழி தெரிகிற மாதிரி.